முக்காடு போட்ட கெளுத்தி

1

இந்தக் கதை மூன்று வார்த்தைப் பொய் ஒன்றிலிருந்து பிறந்தது. "அவரே குதிச்சு விழுந்துட்டாரு." அவர் என்பது ஒரு மீன். சொன்னது மாலை ஏழு மணிக்கு. இப்போது மணி மூன்று. நடுவில் சாப்பிட்டேன், பல் தேய்த்தேன், படுத்தேன், எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

விடிந்தால் அந்த மூன்று வார்த்தைக்காக மீனை வீட்டைவிட்டு அனுப்பப்போகிறார்கள். அதற்குள் யாரிடமாவது உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த நேரத்தில் விழித்திருப்பது நீங்கள் மட்டும்தான். (பகலில்தான் படிக்கிறீர்கள் என்றாலும் பரவாயில்லை. எனக்காக விழித்திருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.)

கதையில் வரும் பெண்ணுக்குப் பதினைந்து வயது. அவள் நான்தான், அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் 'நான்' என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. 'அவள்' என்று எழுதினால் நடுநடுவே சிரிப்புக்கூட வருகிறது. அதனால் இனிமேல் அவள்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. மூன்று முயற்சிகளையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

"அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள் காலம் உறைந்து கிடந்தது" — இல்லை. பாசிதான் கிடந்தது. கழுவ வேண்டிய முறை அவளுடையது.

"சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மீன்கள் என்றால் உயிர்" — சுத்தப் பொய். மீன்களைப் பற்றி அவளுக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. ஒரு கதை ஒரு பொய்யைத்தான் தாங்கும்.

மூன்றாவது இது: வீட்டின் முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவரோரம் துணி அலமாரி. அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அப்பாவின் மீன் தொட்டி. துணி இருக்கும் அறையில் தண்ணீர் எதற்கு என்று அம்மா கேட்டுப் பத்து வருடம் ஆகிறது. அப்பா தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். பதில் சொல்லவேண்டிய கேள்வி வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு லோடு வந்துவிடும்.

இது போதும். இதிலிருந்தே தொடங்கலாம்.

3

தொட்டியில் இருப்பது ஒரே ஒரு கெளுத்தி. விரல் நீளக் குஞ்சாக வந்தது. சென்ற மாதம் அம்மா கண்ணாடிமேல் டேப்பை வைத்து அளந்து, பதினோரு அங்குலம் என்றாள், மீசை நீங்கலாக. பெயர் வைத்தது அத்தை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை; எங்களோடுதான் இருக்கிறாள், காஜா போடுவதும் பட்டன் தைப்பதும் அவள் பொறுப்பு. தொப்பையும் மீசையுமாக ஒரு மூலையில் நகராமல் கிடந்த மீனைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாளாம்: "சரியா கவனிக்கலன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிட்டிருக்கிற சம்பந்தி மாதிரியே இருக்காரு." அன்றிலிருந்து அவர் சம்பந்தி. மரியாதையும் தானாக ஒட்டிக்கொண்டது. சம்பந்தி சாப்பிட்டாரா, சம்பந்திக்குத் தண்ணி மாத்தியாச்சா என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

(அத்தையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கதைகளில் அத்தை வந்தால் சண்டை மூட்டுவாள். இவள் பட்டன்களைப் பொறுக்கி அளவு அளவாகப் பிரிப்பாள். இவ்வளவு அமைதியான பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இரண்டாம் பகுதியில் கவலைப்பட்டேன். ஆறாம் பகுதியில் அவள் பேசுவாள். அப்போது என் கவலை வேறாக இருக்கும்.)

போன வாரம் கிளம்பும்போது அப்பா நம் கதையின் 'அவளை'த் தொட்டி முன்னால் நிறுத்தி வகுப்பெடுத்தார். மூலையில் பசை லேசாக விடுவதுபோல இருக்கிறது, திரும்பி வந்ததும் சரி செய்கிறேன், அதற்குள் ஏதாவது ஆனால் சம்பந்தியை எப்படி இடம் மாற்றுவது என்று.

"வலைய மட்டும் கிட்ட கொண்டு போகாத. முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, மொத்தம் மூணு முள்ளு. பயந்தாருன்னா விறைச்சிப் பூட்டிக்குவாரு. அப்புறம் அவரா மனசு வெச்சாத்தான் இறக்குவாரு."

அகலமான டப்பாவைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்துப் பிடி, பின்னாலிருந்து மெல்ல ஒதுக்கு, உள்ளே போனதும் தண்ணீரோடு சேர்த்துத் தூக்கு என்றார். பாலித்தீன் கவரில் போடவே கூடாது, குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும் என்றார்.

"நம்மள குத்திட்டா?"

"தாங்குற சூட்டுல தண்ணி வெச்சு கைய அதுல முக்கு. கத்தாத. அவரு ஏற்கெனவே பயந்து போயிருப்பாரு."

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எல்லாமே கேட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கேட்கவில்லை என்று அவளால் சொல்ல முடியாது.

4

நேற்று மாலை அம்மாவும் அத்தையும் கல்யாணப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். கவுனைப் போட்டுப் பார்த்து இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு மொத்த உடுப்பையும் கொடுத்தாக வேண்டும். முக்காடு மட்டும் வீட்டில் இருந்தது: தலையிலிருந்து தரைவரை தொங்கும் ஏழடி வெள்ளை நெட் துணி. அதன் ஓரம் பிரியாமல் சுற்றிலும் பீக்கோ அடிக்கும் வேலையை அம்மா அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தையல் கடை இல்லாத வீட்டில் பிறந்தவர்களுக்குப் புரியாது.* அதுவரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் தலையணை உறையும் பாவாடை நாடாவும்தான். கல்யாணத் துணியைத் தொட அம்மா யாரையும் விடமாட்டாள். முக்காட்டை அவள் மடியில் போட்டுவிட்டு, கை கழுவினாயா என்று கேட்டாள், பிறகு கேட்டதற்காக வெட்கப்பட்டவள்போல வேகமாக வெளியே போய்விட்டாள்.

*அடிக்குறிப்பு: அம்மா யாரையும் வாயால் பாராட்டியது கிடையாது. பாராட்டு என்றால் அவள் பிரித்துப் பார்க்காமல் மடித்து வைப்பதுதான்.

ஓரம் முக்கால்வாசி முடிந்தபோது அவள் கால் நனைந்தது.

தொட்டியின் மூலை விட்டுவிட்டது. தண்ணீர் சுவரை ஒட்டிக் கசிந்து, அலமாரியின் கீழ்த்தட்டை நோக்கி, அவசரமே இல்லாமல், வீடு பார்க்க வந்தவர்கள்போல நகர்ந்தது. முதலில் மிஷின் பிளக்கையும் தொட்டி பிளக்கையும் பிடுங்கினாள். கீழ்த்தட்டுத் துணிகளை மேசைமேல் ஏற்றினாள். இதுவரை அவள் செய்ததெல்லாம் சரி. இங்கேயே கதையை நிறுத்திவிடலாமா என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

தொட்டியில் முழங்கை ஆழத் தண்ணீர் ஒரு சாணாகிவிட்டது. சம்பந்தி முதல்முறையாக மூலையை விட்டு நகர்ந்து அவளைப் பார்த்தார்.

வாளியில் பாதித் தண்ணீர் பிடித்து வந்தாள், ஆனால் வாளி தொட்டிக்குள் இறங்கவில்லை. தொட்டிக்குள் இறங்கக்கூடிய அகலமான, கெட்டியான டப்பா வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அத்தையின் பட்டன் டப்பா. உள்ளே நாலாயிரம் பட்டன், இரண்டு துளை தனி, நாலு துளை தனி, அளவுவாரியாக அட்டைத் தடுப்பு வைத்து. இரண்டு வருட உழைப்பு. அவள் மூடியைத் திறந்தாள். பார்த்தாள். மூடிவிட்டாள்.

5

"அவசரத்தில் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு துணியை எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினாள். அது முக்காடு என்று பிறகுதான் அவளுக்கு —"

இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

அது முக்காடு என்று அவளுக்குத் தெரியும். அரைமணி நேரமாக அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவளே அவள்தான். தெரிந்தே எடுத்தாள். தெரிந்தே எடுத்தேன். மெத்தென்று இருக்கிறது, அவருக்கு வலிக்காது, தண்ணீர் வடிந்துவிடும், ஒரே நிமிடம், பிறகு ஃபேனுக்கடியில் போட்டால் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அப்பா வலை வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் வந்தது. பட்டனைக் கொட்டிவிட்டால் அத்தை என்ன சொல்வாளோ என்பது அதைவிடச் சத்தமாக ஞாபகம் வந்தது. ஓட்டை ஓட்டையாக இருப்பது எதுவானாலும் மீனுக்கு வலைதான் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. பொழுது விடிந்தால் நெட் துணி வெட்டும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது துணியாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

(மன்னிக்கவும். மறுபடி 'அவள்'.)

நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். சம்பந்தி ஒரு துள்ளு துள்ளினார். மூன்று முள்ளும் விறைத்து மூன்று பக்கமும் துணிக்குள் ஏறிப் பூட்டிக்கொண்டன. அப்படியே வாளிக்குள் இறக்கினாள். துணியை இழுத்தாள், வரவில்லை. இன்னும் இழுத்தாள், சர்ரென்று ஒரு சத்தம். கையை உள்ளே விட்டு விலக்கப் பார்த்தாள், கட்டைவிரலில் ஒரு குத்து. குளவி கொட்டியதுபோல மணிக்கட்டுவரை ஏறியது. அப்பா சொன்னபடி அவள் கத்தவில்லை. அப்பா சொன்னபடி அவள் செய்த ஒரே காரியம் அதுதான்.

வாளிக்குள் சம்பந்தி முக்காடு போட்டுக்கொண்டு தலைகுனிந்து இருந்தார். பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது.

6

கேட் சத்தம் கேட்டபோது அவளிடம் உண்மைதான் தயாராக இருந்தது. அம்மா உள்ளே வந்தாள், தரையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், முக்காட்டின் ஓரத்தில் அவள் அடித்திருந்த பீக்கோவைப் பார்த்தாள். அந்தக் கடைசிப் பார்வைக்குப் பிறகு அந்த உண்மை வெளியே வரவில்லை.

"அவரே குதிச்சு விழுந்துட்டாரு" என்றாள். தொட்டி ஒழுகி, தண்ணீர் குறைந்து, பயந்துபோய் நேராக முக்காட்டின்மேல் குதித்தார், துணியோடு தூக்கி வாளியில் போட்டேன் என்று மிச்சத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகினாள். அத்தை வாளியை எட்டிப் பார்த்து, கல்யாணத்துக்கு நம்மளவிட இவரு முந்திக்கிட்டாரு என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சரியாக எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அது அழகாக இருந்தது. அம்மா விளக்கை இழுத்துக் கட்டினாள். துணியை இழுக்காதே என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு முள்ளைக் கிட்டத்தில் பார்த்தாள். ரம்பம்போல உள்பக்கம் பார்த்த பல் இருக்கிறது, வந்த வழியே வராது, சுற்றியிருக்கும் இழையைத்தான் அறுக்க வேண்டும் என்றாள். யாரும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தை மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், ஈரத் துண்டால் கண்ணை மறைத்து, அசையாமல் பிடித்தாள். தையல் பிரிக்கும் பிளேடால் அம்மா ஒவ்வொரு இழையாக அறுத்தாள். நாற்பது நிமிடம். முதுகு முள், இடது முள், வலது முள். கடைசி இழை விட்டதும் சம்பந்தி வாளியின் அடிக்குப் போய், தானாக மனசு வைத்து, முள்ளை மடக்கிக்கொண்டார்.

முக்காட்டில் மூன்று ஓட்டை. அம்மா அதை அலசிக் காயவைத்து, மேசையில் விரித்துப் பார்த்தாள். பிறகு வெள்ளை நூலை எடுத்து மூன்று இடத்திலும் பூ போட ஆரம்பித்தாள். மூன்று மட்டும் போட்டால் தெரியும் என்று அத்தை ஓரம் முழுக்க இருபது பூ போட்டாள். பதினொரு மணிக்குப் பார்த்தபோது முக்காடு முன்பைவிட நன்றாக இருந்தது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடுவில் அவள், யாரும் கேட்காமலேயே, இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அடுப்பங்கரையில் தனிப் பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து, வலி அடங்கும்வரை கட்டைவிரலை அதில் வைத்துக்கொண்டு நிற்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்கவில்லை. டீயை வாங்கிய அத்தை டம்ளரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

இல்லை என்றாள்.

"பின்ன ஏன் டீ போட்ட?"

சொன்னேன் அல்லவா, ஆறாம் பகுதியில் பேசுவாள் என்று.

7

படுக்கும் முன் அம்மா தீர்ப்புச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பூவின் நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"தொட்டியும் போச்சு. குதிக்கிற பழக்கம் வந்துட்ட மீன துணி இருக்கிற ரூம்ல வெக்க முடியாது. காலைல கலர் மீன் கடையில குடுத்துடலாம். உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

நேற்றுவரை பத்து வருடமாக மூலையை விட்டு நகராதவருக்குக் குதிக்கிற பழக்கம் என்று பேர் வந்துவிட்டது.

அத்தை ஏற்பாட்டையும் சொல்லிவிட்டாள். முக்காட்டைக் கொடுக்கப் போகிற ஆட்டோவிலேயே மீன் கடை வழியாகப் போகலாம். மீன் கடைக்காரர் கடைக்கு மேலேயே குடியிருக்கிறார், எழுப்பிக் கொடுத்துவிடலாம். முள்ளைத்தான் மடக்கிக்கொண்டாரே என்று, பெரிய பாலித்தீன் கவர் இரண்டு போட்டு, தண்ணீர் ஊற்றி, மடியில் வைத்துக்கொள்வதாக.

மடியில்.

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் அம்மாவை எழுப்பி உண்மையைச் சொல்கிறாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு — எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. அளவெடுக்கும்போது மட்டும்தான் அம்மா ஆளைச் சுற்றிக் கை போடுவாள், அப்போதும் வாயில் சாக்பீஸ் இருக்கும். அடித்துவிட்டேன்.

(ஆ) அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக வெளியேறுகிறாள். அம்மா நிரப்பிவைத்ததில் வாளியில் இப்போது பதினைந்து லிட்டர் தண்ணீர். போய் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். அறையின் நிலைப்படியைக்கூடத் தாண்ட முடியவில்லை. சம்பந்தி என்னைக் கேவலமாகப் பார்த்தார்.

(இ) அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோ கிளம்புகிறது. முதல் வேகத்தடையில் சம்பந்தி பயந்து விறைக்கிறார். கவர் ஒன்று கிழிகிறது, கவர் இரண்டு கிழிகிறது, அடுத்தது அத்தையின் — இதை எழுதும்போது சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் மூன்றில் நிஜமாக நடக்கக்கூடியது இது ஒன்றுதான். அத்தைக்குத் தொடையில் மூன்று முள், பக்கத்தில் நனைந்த முக்காடு, ஆட்டோவின் தரையில் அவர்.

எச்சரித்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கவர் வேண்டாம், குத்தும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமே. நானும் அதைத்தான் ஒருமணி நேரமாக யோசிக்கிறேன். அத்தை விடமாட்டாள். மடக்கின முள்ளு மறுபடி விறைக்கும்னு உனக்கு எப்படித் தெரியும் என்பாள். அப்பா சொன்னார் என்பேன். வேறென்ன சொன்னார் என்பாள். டப்பாவால் அள்ளச் சொன்னார் என்பேன். தண்ணி ஒழுகுறப்ப அள்ளாம என்னடி பண்ணிட்டிருந்த என்பாள். சங்கிலித் தையலில் சரியான முனை கையில் கிடைத்துவிட்டால் முழுத் துணியும் ஒரே இழுப்பில் கழன்று வந்துவிடும். அத்தை இருபது வருடமாகத் தையல் பிரிக்கிறவள்.

அதனால்தான் சொல்கிறேன்: சம்பந்தியைப் பத்திரமாக அனுப்ப எனக்குத் தெரிந்த ஒவ்வொரு வார்த்தையும் என்னைக் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுத்துவிட்டால் அவரை அனுப்பவே வேண்டியதில்லை. என்னைத்தான் தலையணை உறைக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

9

நாலரை மணி. அத்தை எழுந்துவிட்டாள். கொண்டை முடிந்துகொண்டே அடுப்பங்கரைக்குப் போகிறாள். இழுப்பறை திறக்கிறது. கவர்களின் சரசரப்பு. ஒன்றை உதறி, வாயால் ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாள். அம்மாவும் எழுந்துவிட்டாள், முன்னறையில் விளக்கு எரிகிறது, முக்காட்டை மடிக்கும் சத்தம்.

இந்தப் பகுதியை இன்னும் நாலு பக்கம் எழுதலாம் என்று திட்டம். அத்தையின் நடையை வர்ணித்து, விடியலை வர்ணித்து — இல்லை, அத்தை வாளிக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

"அத்தை." சொல்லிவிட்டேன். குரல் வேறு யாருடையதோபோல இருக்கிறது. "கவர் வேணாம். வாளியோட கொண்டு போங்க, மூடி போட்டு."

கவரின் சரசரப்பு நின்றுவிட்டது. முன்னறையில் துணி மடிக்கும் சத்தமும் நின்றுவிட்டது.

"ஏன்?" என்கிறாள் அத்தை.

அவ்வளவுதான், இதற்குமேல் எழுத என் கை வரவில்லை. இந்த வீட்டில் அந்த ஏனுக்குப் பதில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், வாளிக்குள் இருப்பவர், நீங்கள். அவர் வாயைத் திறக்க மாட்டார். அத்தை கவரோடு கதவருகே வந்து நிற்கிறாள், பின்னால் அம்மா. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?